இல்லாத எண்ணுக்குப் பறிபோன ஐந்து மதிப்பெண்

ஒரு மெய்யெண்ணோடு அதன் தலைகீழியைக் கூட்டினால் 1 வருகிறது. அப்படியானால் அந்த எண்ணின் கனத்தோடு தலைகீழியின் கனத்தைக் கூட்டினால் என்ன வரும்? இதுதான் கேள்வி. கீழே நான்கு விடைகள். 1, 2, −2, நான்காவதாக 'இவற்றில் எதுவுமில்லை'. நான் நான்காவதைத் தேர்ந்தேன். அது தவறு என்றீர்கள். வரவேண்டிய நான்கு மதிப்பெண்ணைத் தரவில்லை; தவறான விடைக்குத் தண்டனையாக இருந்ததிலிருந்தும் ஒன்றைக் கழித்துக்கொண்டீர்கள்.

கேள்வி அமைத்தவரே, நீங்கள் ஐயாவா அம்மாவா என்றுகூட எனக்குத் தெரியாது. உங்கள் பெயரை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். என் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, சாதிச் சான்றிதழ், கட்டைவிரல் ரேகை எல்லாம் உங்கள் தரப்பிடம் இருக்கின்றன. தலைமுடியில் குத்திய ஊசியைக்கூடக் கழற்றச் சொல்லிச் சோதித்துத்தான் என்னை உள்ளே விட்டார்கள். நீங்கள் எழுதிய கேள்வியை யார் சோதித்தார்கள்?

முதலில் கணக்கைப் பேசிவிடுகிறேன். ஒரு மிகை எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 1 என்றால் அதன் தலைகீழியும் 1, கூட்டினால் 2. எண் 2 என்றால் தலைகீழி அரை; கூட்டினால் இரண்டரை. அரையை எடுத்தாலும் அதே இரண்டரை. பத்தை எடுத்தால் 10.1. எந்த மிகை எண்ணை எடுத்தாலும் கூட்டுத்தொகை 2-க்குக் கீழே இறங்காது. குறை எண்ணை எடுத்தால் −2-க்கு மேலே ஏறாது. இரண்டுக்கும் நடுவில் உள்ள எதுவும் கூட்டுத்தொகையாக வரவே வராது. 1 அந்த நடுவில்தான் இருக்கிறது. நீங்கள் சொன்னதை இருபடிச் சமன்பாடாக எழுதி, பத்தாம் வகுப்பில் படித்த தன்மைக்காட்டியைப் போட்டாலும் −3 வரும். மெய்யெண் தீர்வு இல்லை என்று அர்த்தம். அப்படி ஓர் எண் கிடையாது. கிடையாத எண்ணின் கனத்தைக் கேட்டிருக்கிறீர்கள்.

உங்களுக்கு −2 எப்படிக் கிடைத்தது என்பதும் எனக்குத் தெரியும். கூட்டுத்தொகையின் கனத்தை விரிக்கும் சூத்திரத்தில் 1-ஐப் போட்டு 3-ஐக் கழித்தால் −2. ஒரே வரி. 'மெய்யெண்' என்று எழுதாமல் வெறுமனே 'எண்' என்று விட்டிருந்தால் அதுவே சரியான விடை. கலப்பெண்களில் அப்படிப்பட்ட எண்கள் இரண்டு இருக்கின்றன, இரண்டுக்கும் −2 தான் வரும். கேள்வியை வேறு எங்கிருந்தோ எடுத்து மாற்றி எழுதும்போது அந்தச் சொல் சேர்ந்திருக்கலாம். கைத்தவறு யாருக்கும் வரும். அதற்காக நான் உங்கள் மேல் கோபப்படவில்லை. சுட்டிக்காட்டிய பிறகும் திருத்தாமல் இருந்தீர்களே, அதற்காகத்தான் இந்தக் குமுறல்.

தர்க்கம் படித்த ஒருவர் என்னிடம் சொன்னார்: இல்லாத ஒன்றைப் பற்றி எதைச் சொன்னாலும் அது பொய்யாகாது, ஆகவே −2 என்பதையும் பொய் என்று சொல்ல முடியாது என்று. சரி, ஏற்றுக்கொள்கிறேன். அந்தக் கணக்குப்படி 1 என்பதும் பொய்யாகாது, 2 என்பதும் பொய்யாகாது. நான்கு பேர் நான்கு விதமாக எழுதினாலும் நான்கு பேருக்கும் மதிப்பெண் தர வேண்டும், அல்லது கேள்வியையே நீக்க வேண்டும். இரண்டில் எதைச் செய்தாலும் என்னுடைய ஐந்து மதிப்பெண் எனக்குத் திரும்ப வந்திருக்கும். −2 எழுதியவருக்கு மட்டும் நான்கு, எனக்கு மைனஸ் ஒன்று என்பதற்கு எந்தத் தர்க்கத்திலும் இடமில்லை.

தேர்வு அறையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மதுரையில் ஒரு கல்லூரியின் கணினிக் கூடம். திரையின் மூலையில் நேரம் குறைந்துகொண்டே இருந்தது. கேள்வியைப் படித்ததும் எனக்கும் அந்த −2 உடனே வந்துவிட்டது. ஆனால் 'மெய்யெண்' என்ற சொல் கண்ணில் பட்டது. மறுபடி படித்தேன். தன்மைக்காட்டியைப் போட்டேன். −3. ஏதாவது தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று திரும்பப் போட்டேன். இவ்வளவு பெரிய தேர்வில் கேள்வியே தப்பாக இருக்கும் என்று பதினேழு வயதில் யாருக்குத் தைரியமாக நினைக்கத் தோன்றும்? பிழை நம்மிடம்தான் இருக்கும் என்றே மனம் போகிறது. அப்படியே வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். கடைசியில், நான்காவது விடை இருப்பதே இதற்காகத்தான், மெய்யெண் என்ற நிபந்தனையை யார் கவனிக்கிறார்கள் என்று பார்க்கத்தான் இந்தக் கேள்வி என்று முடிவு செய்து அதை அழுத்தினேன். உங்களை நம்பித்தான் அழுத்தினேன். நீங்கள் கேள்வியை யோசித்து எழுதியிருப்பீர்கள் என்று நம்பினேன்.

அதற்குள் ஓடிப்போன நேரத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த வேறு கணக்குகளைப் போட்டிருக்கலாம். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கேள்வியையும் சந்தேகத்தோடுதான் படித்தேன். இதையெல்லாம் எந்த விடைக்குறிப்பும் திருத்தாது. பிழையான கேள்விக்குப் பின்னால் எல்லோருக்கும் மதிப்பெண் கொடுத்துவிட்டால் நியாயம் செய்துவிட்டதாக நினைக்கிறார்கள். கேள்வியைத் தொடாமலே தாண்டிப் போனவருக்கும் நான்கு, அதோடு மல்லுக்கட்டி நேரத்தையும் நிதானத்தையும் இழந்தவருக்கும் நான்கு. அந்த அரைகுறை நியாயம்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

நான் எழுதிய தேர்வின் பெயரை இங்கே சொல்லவில்லை. சொன்னால், அது அந்த ஒரு தேர்வில் அந்த ஒரு நாள் நடந்த சங்கதி என்று சுருக்கிவிடுவார்கள்.

முடிவு வந்த பிறகு எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் பலர். அவர்கள் சொன்ன ஆறுதல்தான் என்னை அதிகம் காயப்படுத்தியது. கோச்சிங் சென்டர் போன அண்ணன் ஒருவர் சொன்னார்: "கேள்வி தப்புன்னு தோணினா, கேட்டவன் என்ன நினைச்சுக் கேட்டிருப்பான்னு பாரு. அதை அழுத்திட்டுப் போயிட்டே இரு. அதான் டெக்னிக்." அவர் நல்லவர், என் நன்மைக்குத்தான் சொன்னார். அங்கே அப்படித்தான் பழக்குகிறார்கள். ஆனால் அந்த வார்த்தையை என்னால் விழுங்க முடியவில்லை. கணக்கு எனக்குப் பிடித்ததே, அதில் யாருடைய மனசையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால்தான். வாத்தியார் சொன்னாலும் தப்பு தப்புதான், கடைசி பெஞ்சுப் பிள்ளை சொன்னாலும் சரி சரிதான். எங்கள் கணக்கு சார் கரும்பலகையில் ஒரு வரி தப்பாக எழுதி, நான் எழுந்து சொன்னபோது, "சரியாச் சொன்னம்மா" என்று அழித்துவிட்டுத் திருத்தி எழுதினார். அவர் கௌரவம் அதில் குறைந்துவிடவில்லை. அவரிடம் படித்த பிள்ளையைத்தான், கேள்வி கேட்டவன் மனசைப் படிக்கத் தெரியவில்லை என்று நீங்கள் தோற்கடித்திருக்கிறீர்கள்.

ரஷ்யக் கணிதமேதை விளாதிமிர் ஆர்னால்ட் சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஒரு தேர்வில் கேட்கப்பட்ட கேள்வி: செங்கோண முக்கோணத்தின் கர்ணம் 10 அங்குலம், கர்ணத்துக்கு வரையப்பட்ட குத்துயரம் 6 அங்குலம், பரப்பு எவ்வளவு? அங்குள்ள மாணவர்கள் பத்தாண்டுகளாக 30 என்று எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு மாஸ்கோவிலிருந்து வந்த பிள்ளைகளால் அந்தக் கணக்கைப் போட முடியவில்லை. காரணம், அப்படி ஒரு முக்கோணமே இல்லை. கர்ணத்தை விட்டமாக வைத்து வட்டம் வரைந்தால் செங்கோண முனை அந்த வட்டத்தின் மேல்தான் இருக்கும், உயரம் ஆரத்தைத் தாண்டாது, ஆரம் 5. ஆறு அங்குல உயரத்துக்கு அங்கே இடமில்லை. பாதி அடிப்பக்கம் பெருக்கல் உயரம் என்ற சூத்திரம் மட்டும் தெரிந்தவருக்கு 30 கிடைத்தது. முக்கோணத்தையே அறிந்தவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. எனக்கு நேர்ந்ததும் இதுவேதான்.

அதே அமெரிக்காவில் 1980 அக்டோபரில் பிஎஸ்ஏடி என்ற பள்ளி மாணவர்களுக்கான தேர்வில் இன்னொரு கேள்வி வந்தது. சமபக்க முக்கோணங்களால் ஆன நான்முகி ஒன்றையும், அதே அளவு சமபக்க முக்கோணங்களும் சதுர அடியும் கொண்ட பிரமிடு ஒன்றையும் முகத்தோடு முகம் ஒட்டினால் வெளியே எத்தனை முகங்கள் தெரியும்? நான்கும் ஐந்தும் ஒன்பது, ஒட்டிய இரண்டைக் கழித்தால் ஏழு என்பது விடைக்குறிப்பு. ஃப்ளோரிடாவைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவன் ஐந்து என்று எழுதினான். ஒட்டும்போது இரண்டு இடங்களில் பக்கத்துப் பக்கத்து முகங்கள் ஒரே சமதளத்தில் சேர்ந்துவிடுகின்றன. அதனால் ஐந்துதான் சரி. தேர்வு நடத்திய நிறுவனம் அதை ஒப்புக்கொண்டு மதிப்பெண்களைத் திருத்தியது.

1982 மே மாதம் அங்கே எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வில் நடந்தது இன்னும் பெரிது. பெரிய வட்டம் ஒன்று. அதன் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆரமுள்ள சிறிய வட்டம் அதைச் சுற்றி உருண்டு தொடங்கிய இடத்துக்கு வர எத்தனை சுழற்சி? சுற்றளவைச் சுற்றளவால் வகுத்து மூன்று என்று தேர்வுக் குழு வைத்திருந்தது. உண்மையில் நான்கு, உருளும் பாதையே ஒரு வட்டமாக வளைவதால் ஒரு சுழற்சி கூடுகிறது. இரண்டு ஒரே அளவு நாணயங்களை மேசையில் வைத்து ஒன்றை மற்றதைச் சுற்றி உருட்டிப் பாருங்கள், ஒரு சுற்றுக்கு இரண்டு முறை சுழலும். கொடுத்திருந்த ஐந்து விடைகளில் நான்கு என்பதே இல்லை. சுமார் 3 லட்சம் பேர் எழுதிய தேர்வு. பிழையைச் சுட்டி எழுதியவர்கள் மூன்றே மாணவர்கள். அந்த மூன்று பேரின் கடிதத்தை வாங்கிப் படித்தார்கள். பிழையைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்கள். கேள்வியை நீக்கி எல்லோருடைய மதிப்பெண்ணையும் மறுபடி கணக்கிட்டார்கள்.

அதற்குப் பின்னால் இருந்தது பெருந்தன்மை மட்டும் என்று நான் நினைக்கவில்லை. 1979-இல் நியூயார்க் மாகாணம் ஒரு சட்டம் போட்டது. நுழைவுத் தேர்வு நடத்துகிறவர்கள் கேள்வியையும் சரியான விடையையும் தேர்வு எழுதியவர்களுக்குக் காட்ட வேண்டும் என்றது. தேர்வு நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தன. சட்டம் நடைமுறைக்கு வந்து, பூட்டியிருந்த கேள்விகள் வெளியே வந்ததும் பிழைகளும் வெளியே வந்தன. அதற்கு முந்தைய ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் சரியாக எழுதித் தோற்றார்களோ!

நம் நாட்டிலும் விடைக்குறிப்பை வெளியிடுகிறார்கள், மறுக்கவில்லை. இதற்கு வழி காட்டியது உச்ச நீதிமன்றம். மருத்துவ நுழைவுத் தேர்வு ஒன்றில் விடைக்குறிப்பே தவறு என்று மாணவர்கள் தொடுத்த வழக்கில், 1983-இல் கான்பூர் பல்கலைக்கழகத்துக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. விடைக்குறிப்பை முடிவுகளோடு சேர்த்து வெளியிட வேண்டும் என்று நீதிமன்றம் அறிவுறுத்தியதும் அந்த வழக்கில்தான். நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. வெளியிடுவது மட்டும் நடக்கிறது. எதிர்த்துக் கேட்டால் பதில் சொல்வது நடக்கவில்லை.

ஆட்சேபம் தெரிவிக்கும் வழியைக் கேளுங்கள். சில நாள்தான் அவகாசம். கேள்விக்கு இவ்வளவு என்று பணம் கட்ட வேண்டும். ஜேஇஇ மெயினிலும் நீட்டிலும் ஒரு கேள்விக்கு 200 ரூபாய். எங்கள் வீட்டில் இணையம் என்பது அப்பாவின் போன்தான். ராஜபாளையம் நூற்பாலை ஒன்றில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த மனிதர், தூங்காமல் என்னோடு பிரவுசிங் சென்டருக்கு வந்தார். பணம் கட்டும் பக்கம் வந்தபோது அவர் கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதிலில்லை: "தப்பு அவங்க பக்கம்னா நாம எதுக்கும்மா துட்டு கட்டணும்?"

கட்டினோம். கணக்கு சார் தன் கைப்பட நிரூபணம் எழுதிக் கொடுத்தார். பாடப்புத்தகத்தின் பக்கங்களை இணைத்தோம். அவ்வளவு தெளிவான விஷயம், பார்த்தவுடன் ஒப்புக்கொள்வார்கள் என்று சார் உறுதியாகச் சொன்னார். இறுதி விடைக்குறிப்பு வந்தது. கேள்வி எண், அதற்கு நேரே பழைய விடை. அவ்வளவுதான். எங்கள் நிரூபணத்தில் எந்த வரி தவறு என்று ஒரு சொல் இல்லை. யார் படித்தார்கள், படித்தார்களா என்பதுகூடத் தெரியவில்லை. கேட்டு எழுதியதற்கு, நிபுணர் குழுவின் முடிவே இறுதியானது என்று பதில் வந்தது. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று ஆச்சி சொல்லும்போதெல்லாம் அது அந்தக் காலத்துப் பேச்சு என்று நினைத்திருந்தேன்.

நிபுணர் குழுவே! கணக்கில் 'இறுதியானது' என்று ஒரு வாதம் கிடையாது. தன் தலைகீழியோடு கூட்டினால் −2-க்கும் 2-க்கும் நடுவில் வரும் ஒரே ஒரு மெய்யெண்ணைக் காட்டுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன். காட்ட முடியாவிட்டால் ஒப்புக்கொள்ளுங்கள். மூன்றாவது வழி எது?

பெரிய தேர்வுகளில் பிழை வருவது அபூர்வம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2017-இல் ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் கேள்விகளில் இருந்த குறைகளுக்காக எல்லோருக்கும் 18 மதிப்பெண் போனஸாகக் கொடுத்தார்கள். முயன்றவருக்கும் முயலாதவருக்கும் ஒன்றுபோலக் கொடுத்தது நியாயமா என்று வழக்குப் போனது. ஜூலை 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கலந்தாய்வுக்குத் தடை போட்டு, 10-ஆம் தேதி விலக்கிக்கொண்டது. 2018 நீட் தேர்வில் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகள் பிழையோடு வந்தன. தமிழில் எழுதியவர்களுக்கு 196 மதிப்பெண் தரச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. அந்த நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிழையான கேள்விகளுக்கு விடை எழுதிய பிள்ளைகளுக்குக் கடைசியில் ஒன்றும் மிஞ்சவில்லை. 2025 ஜனவரி ஜேஇஇ மெயினில் 12 கேள்விகளை நீக்கினார்கள்.

2024 நீட்டில் அணுவைப் பற்றிய ஒரு இயற்பியல் கேள்விக்கு இரண்டு விடைகள் சரி என்று ஏற்றார்கள், ஒன்று பழைய பாடநூலில் இருந்தது என்பதால். அந்த ஆண்டு முதலில் 720-க்கு 720 எடுத்த 67 பேரில் 44 பேர் அந்த ஒரு கேள்வியால் முழு மதிப்பெண்ணை எட்டியவர்கள். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஜூலை 22 அன்று, மூன்று நிபுணர்களைக் கொண்டு பார்த்துச் சொல்லுங்கள் என்று டெல்லி ஐஐடியிடம் கேட்டார்கள். மறுநாளே பதில் வந்துவிட்டது: சரியான விடை ஒன்றுதான். மற்ற விடையை எழுதியிருந்த 4 லட்சத்துக்கும் அதிகமான பேர் ஆளுக்கு ஐந்து மதிப்பெண் இழந்தார்கள். முழு மதிப்பெண் எடுத்தவர்கள் பதினேழாகச் சுருங்கினார்கள்.

இதில் நான் கவனித்தது ஒன்றுதான். உச்ச நீதிமன்றம் கேட்டபோது ஒரே நாளில் பதில் சொல்ல முடிந்தது. நாடே பார்க்கும்போது மூன்று நிபுணர்களை உட்கார வைக்க முடிந்தது. மில் தொழிலாளியின் மகள் பணம் கட்டிக் கேட்டபோது ஏன் முடியவில்லை?

நீதிமன்றம் போயிருக்கலாமே என்பார்கள். வக்கீலுக்குக் கொடுக்க எங்களிடம் என்ன இருக்கிறது? இருந்தாலும் அங்கேயும் கதவு பாதி சாத்தித்தான் இருக்கிறது. 2017 டிசம்பரில், உத்தரப் பிரதேச ஆசிரியர் தேர்வு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சில நெறிகளை வகுத்தது. விடைக்குறிப்பு சரி என்றே நீதிமன்றம் முதலில் கொள்ள வேண்டும். சந்தேகம் எழுந்தால் அதன் பலன் தேர்வு நடத்துகிறவருக்குப் போக வேண்டும், எழுதியவருக்கு அல்ல என்பது அவற்றில் இன்னொன்று. லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வுகள் வழக்குகளில் சிக்கி ஆண்டுக்கணக்கில் நிற்கக் கூடாது என்ற கவலை எனக்கும் புரிகிறது. ஆனால் கொலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக்கூடச் சந்தேகத்தின் பலனைத் தரும் நாடு இது. கேள்வி எழுதியவர்களிடம் நேரம் இருந்தது, நூலகம் இருந்தது, சரிபார்க்க ஆள் இருந்தது. எழுதிய எங்களிடம் ஒரு பேனாவும் வெற்றுத்தாளும் இரண்டு நிமிடமும்தான் இருந்தன. சந்தேகத்தின் பலன் யாருக்குப் போக வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஐந்து மதிப்பெண்தானே என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஜேஇஇ மெயினில் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரிக்கச் சதமானத்தை ஏழு தசம இடம் வரை போடுகிறார்கள். ஏழாவது தசமத்தில் பிள்ளைகளைத் தராசில் நிறுத்துகிற நாட்டில் ஐந்து முழு மதிப்பெண் என்பது எத்தனை ஆயிரம் பேருக்குப் பின்னால் போவது என்று தேர்வு எழுதிய எல்லோருக்கும் தெரியும். அந்த ஐந்தும் இருந்திருந்தால் நான் விரும்பிய இடத்தில் கணிதம் படித்துக்கொண்டிருப்பேன்.

தமிழ்நாட்டில் 2007-இலிருந்து பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து எனக்கு ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. அந்த வழி இல்லையென்றால் இந்த ஆண்டு நான் வீட்டில் இருந்திருப்பேன், அல்லது பஞ்சாலைக்குப் போயிருப்பேன். எனக்குக் கிடைத்த இடத்தைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் பொறியியல் கல்லூரிக்குப் போகும் முதல் பெண் நான். அதற்காக என்னிடமிருந்து எடுத்ததை எடுக்கவில்லை என்று ஆகிவிடாது. நம் பொதுத்தேர்வுகளில் கேள்வி பிழையாக வந்தால், முயன்ற எல்லோருக்கும் முழு மதிப்பெண் என்று அறிவிப்பது வழக்கம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கிடைக்கும் அந்த நியாயத்தை அகில இந்தியத் தேர்வு எழுதியவளுக்கு ஏன் தர முடியவில்லை?

கணக்கு சார் இப்போதும் என்னைப் பார்த்தால் தலை குனிகிறார். "நிபந்தனையை முதல்ல பாருன்னு நான்தானம்மா உனக்குச் சொல்லிக் கொடுத்தேன்" என்கிறார். சரியாகச் சொல்லிக் கொடுத்த ஒரு ஆசிரியரைக் குற்ற உணர்வில் நிறுத்தியிருக்கிறது உங்கள் விடைக்குறிப்பு. அவரிடம் படிக்கும் அடுத்த பிள்ளைகளுக்கு அவர் இனி என்ன சொல்லித்தருவார்? நிபந்தனையைப் பார் என்பாரா, பார்த்தும் பார்க்காத மாதிரி இரு என்பாரா? என் இடத்தை எடுத்துக்கொண்டதைவிட எனக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது.

எனக்கு இனி அந்த இடம் கிடைக்காது. சேர்க்கை முடிந்துவிட்டது, என் இருக்கையில் வேறு யாரோ உட்கார்ந்து படிக்கிறார். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. தேர்வு நடத்துகிறவர்களிடம் கேட்கிறேன். ஆட்சேபம் தெரிவிக்க வாங்கும் பணத்தை நிறுத்துங்கள். நிரூபணத்தோடு வரும் ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும், ஏற்கிறோம் அல்லது இன்ன காரணத்தால் ஏற்கவில்லை என்று எழுத்தில் பதில் கொடுங்கள். அந்தப் பதிலின் கீழ் ஒரு கணித ஆசிரியரின் கையெழுத்து இருக்கட்டும். அடுத்த ஆண்டுத் தேர்வுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.